மைக்ரோவேவை எங்கே வைப்பது? இன்ச் டேப்பிலிருந்து பிளக் பாயிண்ட் வரை ஒரு முழு வழிகாட்டி

மைக்ரோவேவ் வீட்டுக்கு வந்த அன்று பெரும்பாலும் ஒன்றுதான் நடக்கும். சமையலறையில் எங்கே காலியிடம் கண்ணில் படுகிறதோ, அங்கே தூக்கி வைத்துவிடுவார்கள். ஃபிரிட்ஜ் தலையில், அடுப்புக்குப் பக்கத்தில், மேல் ஷெல்ஃபில், ஒன்றும் வாய்க்காவிட்டால் ஜன்னல் திண்டில். பெட்டி ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டதா, வேலை முடிந்தது. அப்புறம் வருஷக்கணக்கில் எட்டி எட்டியும் குனிந்து குனிந்தும், கதவைப் பாதி திறந்தும் காலத்தை ஓட்டுவார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. கொதிக்கக் கொதிக்க ஒரு கிண்ணத்தை உள்ளேயிருந்து எடுக்கிறீர்கள். அது அடுத்த நொடி எங்கே இறங்கும்? பெட்டிக்கு இடம் தேடுவதை விட்டுவிட்டுக் கிண்ணத்துக்கு இடம் தேடுங்கள். உயரம், கதவு, பக்கத்தில் என்ன இருக்கலாம் என்ற மற்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

படி 1: யார், எதற்காகத் திறக்கிறார்கள்?

உங்கள் வீட்டில் மைக்ரோவேவ் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஃபிரிட்ஜில் இருந்த மிச்சத்தைச் சூடாக்குவதுதான் முக்கால்வாசி வேலை என்றால், அது ஃபிரிட்ஜுக்கு இரண்டு மூன்று எட்டுக்குள் இருக்க வேண்டும். சமையலின் நடுவே காய் வேகவைக்க, வெண்ணெய் உருக்க என்று பயன்படுத்துபவர்களுக்கு நறுக்கும் இடத்துக்குப் பக்கம் நல்லது. பாலும் காபியும் சூடாக்குவது, பசங்கள் பாப்கார்ன் பொரிப்பது என்று ஆளாளுக்கு வந்து போகும் வீடாக இருந்தால், சமையலறை வாசல் பக்கமே சரி. அடுப்பு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் சூடான டம்ளரோடு நுழைந்து வெளியேறுவதைப் போல ஆபத்தான போக்குவரத்து சமையலறையில் வேறில்லை.

யார் திறக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே உயரம் குறைந்தவர் யாரோ, அவரும் பயன்படுத்துவார் என்றால் அவர்தான் அளவுகோல். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ ஒருவர் இருந்தால், மேலே ஏற்றும் யோசனையை இப்போதே கைவிடலாம்.

படி 2: அளவெடுங்கள், காற்றையும் சேர்த்து

20 லிட்டர் சோலோ மாடல்கள் (சூடாக்கவும் வேகவைக்கவும் மட்டும் ஆனவை) ஏறக்குறைய 45 செ.மீ. அகலம், 26 செ.மீ. உயரம், 35 செ.மீ. ஆழம் இருக்கும், எடை 10 முதல் 12 கிலோ. சூடான காற்றைச் சுழற்றி பேக்கிங்கும் செய்யும் 28, 30 லிட்டர் கன்வெக்‌ஷன் மாடல் என்றால் அகலம் 50 செ.மீ.யைத் தாண்டும், ஆழம் 45 முதல் 50 வரை போகும், எடையும் 20 கிலோவை நெருங்கும். இவை குத்துமதிப்பான கணக்குகள். உங்கள் மாடலின் கையேட்டில் இருப்பதுதான் முடிவு. ஆழம் அளக்கும்போது கைப்பிடியையும், பின்னால் துருத்தும் வயரையும் விட்டுவிடாதீர்கள்.

ஷெல்ஃப் ஆசைகள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சமையல் மேடை பொதுவாக 60 செ.மீ. ஆழம் இருக்கும். சுவரில் மாட்டும் கப்போர்டுகளின் ஆழமோ 30 முதல் 35 தான். அதில் பெரிய மைக்ரோவேவை ஏற்றினால் முன்பக்கம் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நான்கு கால்களும் பலகையில் முழுசாக ஊன்றாத இடத்தில் அதை வைக்கவே கூடாது. கதவை இழுக்கும் ஒவ்வொரு முறையும் எடை முன்பக்கம் சாயும்.

அடுத்து காற்று. உள்ளே மேக்னட்ரான் என்ற பாகம் மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றுகிறது. உள்ளே போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த வேலையிலேயே வெறும் சூடாகப் போய்விடுகிறது. அந்தச் சூட்டை ஒரு சின்ன ஃபேன் ஊதி வெளியே தள்ள வேண்டும். அதற்கான துவாரங்கள் சில மாடல்களில் பக்கவாட்டில், சிலவற்றில் மேலே, பலவற்றில் பின்னால். கையேடுகள் வழக்கமாகக் கேட்பது மேலே 20 முதல் 30 செ.மீ., பின்னால் 10 செ.மீ., பக்கங்களில் 5 முதல் 10 செ.மீ. காலி இடம். தரையிலிருந்து குறைந்தது 85 செ.மீ. உயரத்தில் வையுங்கள் என்றும் பல கையேடுகள் சொல்கின்றன. காற்று முட்டினால் நடுவில் தானாக நின்றுபோகும். முட்டிக்கொண்டே இருந்தால் மேக்னட்ரானின் ஆயுள் குறையும். அந்தக் காலி இடத்தில் பிஸ்கட் டப்பாவையும் பழைய பேப்பரையும் அடுக்கினால் அளவெடுத்ததே வீண்.

கதவு போட்ட கப்போர்டுக்குள் மறைத்து வைக்கும் ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை. மேடையில் வைப்பதற்கென்று செய்த மாடல்கள் கப்போர்டுக்குள் வைத்துச் சோதிக்கப்பட்டவை அல்ல. வைக்காதீர்கள் என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். உள்ளே பொருத்த வேண்டுமென்றால் பில்ட்-இன் மாடலாகவே வாங்குங்கள், அல்லது அந்த மாடலுக்கென்று கம்பெனி தரும் பொருத்தும் சட்டத்தோடு வையுங்கள்.

படி 3: பிளக் பாயிண்ட் என்ன சொல்கிறது?

அழகாக ஓர் இடத்தைத் தேர்ந்துவிட்டு, கடைசியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடும் கதை வேண்டாம். மின்சாரத்தை இப்போதே பாருங்கள்.

அட்டையில் பெரிதாக 900 வாட் என்று போட்டிருப்பது சாப்பாட்டுக்குள் போகும் சக்தி. சுவரிலிருந்து அந்த மெஷின் இழுப்பது 1,300, 1,400 வாட் வரை இருக்கும். கன்வெக்‌ஷன் ஓடும்போது 2,000 வாட்டைத் தாண்டும் மாடல்களும் உண்டு. பின்பக்க லேபிளில் 'இன்புட்' என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். அதை வோல்டேஜால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். 230 வோல்ட் லைனில் 1,400 வாட் என்றால் 6 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். 2,300 வாட் என்றால் 10 ஆம்பியர். 120 வோல்ட் புழங்கும் நாடுகளில் 1,500 வாட் மெஷினே 12.5 ஆம்பியர் இழுக்கும். அங்கே 15 ஆம்பியர் லைனில் அதோடு வேறொன்றுக்கும் இடமில்லை.

ஆகவே எர்த் உள்ள, பெரிய லோடு தாங்கும் சாக்கெட் வேண்டும். முடிந்தால் அதற்கென்றே தனி லைன். கெட்டிலும் மைக்ரோவேவும் ஒரே லைனில் ஒரே நேரத்தில் ஓடினால் எம்சிபி, அதாவது லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச், விழலாம். விழுவது நல்லதுதான், விழாமல் வயர் சூடாவதுதான் பயப்பட வேண்டியது. பெரிய பின் பிளக்கை கன்வெர்ட்டர் போட்டுச் சின்ன சாக்கெட்டில் செருகுவது, மல்டி பிளக்கில் தொங்கவிடுவது இரண்டும் கூடாது. தேர்ந்த இடத்தில் சரியான சாக்கெட் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதிதாக இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலை.

சாக்கெட் எங்கே இருக்கிறது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மெஷினுக்கு நேர் பின்னால் இருந்தால் பிளக்கின் தலை அதை முன்னால் தள்ளிவிடும். எடுத்த அளவெல்லாம் போச்சு. அதைவிட முக்கியம், உள்ளே ஏதாவது தீப்பிடித்தால் செய்ய வேண்டியது கதவைத் திறக்காமல் சுவர் சுவிட்சை அணைப்பது. திறந்தால் காற்று புகுந்து தீ வளரும். மூடியே இருந்தால் பெரும்பாலும் உள்ளேயே அடங்கிவிடும். புகை வரும் பெட்டிக்கு மேலாகவோ பின்னாலோ கையை விட்டுத் துழாவாமல் அணைக்க முடிகிற இடத்தில் சுவிட்ச் இருக்க வேண்டும். ஒரு கை தள்ளிப் பக்கவாட்டில் இருப்பதே உத்தமம்.

படி 4: உயரம்

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அமெரிக்காவின் தேசிய கிச்சன் அண்ட் பாத் அசோசியேஷன் தன் வடிவமைப்பு வழிகாட்டலில் ஒரு கணக்கு தருகிறது. மைக்ரோவேவின் அடிப்பாகம், அதை அதிகம் பயன்படுத்துபவரின் தோளுக்கு 3 அங்குலம், அதாவது 7.5 செ.மீ. கீழே இருக்கலாம், எப்படிப் போனாலும் தரையிலிருந்து 54 அங்குலத்தை, 137 செ.மீ.யை, தாண்டக் கூடாது. மேடைக்குக் கீழே வைப்பதானால் அடிப்பாகம் தரையிலிருந்து குறைந்தது 15 அங்குலம், 38 செ.மீ., மேலே இருக்க வேண்டும்.

155 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் தோள் ஏறக்குறைய 127 செ.மீ. உயரத்தில் இருக்கும். அவருக்கு 120 செ.மீ.தான் எல்லை. ஆனால் மேடைக்கு மேல் மாட்டும் கப்போர்டுகள் வழக்கமாகத் தொடங்குவதே 135 செ.மீ. வாக்கில்! அந்த வரிசையில் மைக்ரோவேவை வைத்தால் அது ஐந்தே முக்கால் அடிக்கு மேல் இருப்பவர்களுக்கான உயரம். மற்றவர்களெல்லாம் கையைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும்.

தூக்கி எடுத்தால் என்ன? ஒரு கிண்ணம் பாலைச் சூடாக்கி எடுப்பதை மெதுவாக நினைத்துப் பாருங்கள். தோளுக்கு மேல் கை போகும்போது கிண்ணத்தின் அடிதான் தெரிகிறது, பாலின் மட்டம் தெரியாது. சுழலும் தட்டின் விளிம்பைத் தாண்ட கிண்ணத்தைக் கொஞ்சம் தூக்குகிறீர்கள். மணிக்கட்டு மேலே வளைகிறது, கிண்ணம் உங்கள் பக்கமே சாய்கிறது. பிடிதுணியின் ஒரு முனை தட்டில் மாட்டி இழுக்கிறது. ஏடு ஒருபக்கமாக ஒதுங்கி, பால் விளிம்புக்கு வருகிறது. அது வழிந்தால் முதலில் விழுவது மணிக்கட்டில், அடுத்தது மார்பில்.

வெறும் தண்ணீரில் இன்னொரு சிக்கல் உண்டு. வழுவழுப்பான கோப்பையில் தண்ணீர் குமிழியே இல்லாமல் 100 டிகிரியைத் தாண்டிவிடலாம். பார்க்கச் சாதுவாக இருக்கும். அசைத்தாலோ, ஸ்பூன் போட்டாலோ சட்டென்று பொங்கி வெளியே வீசும். அந்தக் கோப்பை முகத்துக்கு நேராக இருக்க வேண்டாம்.

எனவே முழங்கை உயரத்திலிருந்து தோளுக்குச் சற்றுக் கீழ் வரை என்பதுதான் நல்ல இடைவெளி. சாதாரண மேடை இதற்குள் தானாகவே வந்துவிடுகிறது. மேடை இடத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் மேடைக்கு 30 செ.மீ. மேலே தனியாக ஒரு ஆழமான ஷெல்ஃப் அடித்தால் 120 செ.மீ.க்குள் நிற்கும்.

சின்னக் குழந்தை உள்ள வீட்டில் தாழ்வான இடம் வேண்டாம். இரண்டு வயதிலேயே கதவைத் திறக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. சைல்டு லாக் போட்டால் போதாதா என்பார்கள். பெரும்பாலான மாடல்களில் அந்த லாக் பட்டன்களைத்தான் பூட்டும், கதவை அல்ல. சூடாக்கி உள்ளேயே மறந்துவிட்ட கிண்ணம் அப்போதும் எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

படி 5: கதவும் இறக்கும் இடமும்

மேடை மாடல்களில் கிட்டத்தட்ட எல்லாமே இடப்பக்கம் கீல் வைத்தவை. கதவு இடதுபுறமாகத் திறக்கும், பட்டன்கள் வலதில் இருக்கும். இடது கைக்காரர்களுக்கு இது பெரிய அநியாயம், ஆனால் மாற்றிக் கிடைப்பது அரிது. கீலைக் கழற்றி மறுபக்கம் மாட்டவும் வழியில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் பிறக்கிறது. ஒன்று, இடப்பக்கம் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. கதவு 90 டிகிரியில் முட்டி நின்றால் அதன் தடிமனும் கைப்பிடியும் வாசலை அடைத்துக்கொள்ளும். உள்ளே சுழலும் தட்டைக் கழுவ எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் இடிக்கும். குறைந்தது 10 செ.மீ. தள்ளி வையுங்கள். இரண்டு, கிண்ணம் இறங்கும் இடம் வலப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் எவ்வளவு மேடை காலியாக இருந்தாலும், திறந்த கதவு குறுக்கே நிற்கிறதே! அதைச் சுற்றிக்கொண்டு சூடான பாத்திரத்தோடு போவீர்களா?

மேலே சொன்ன அதே வழிகாட்டல் இறக்கும் இடத்துக்கு 15 அங்குலம், 38 செ.மீ., கேட்கிறது. அது கைப்பிடிப் பக்கமோ, நேர் கீழேயோ, நேர் மேலேயோ இருக்கலாம். ஷெல்ஃபில் வைப்பவர்களுக்கு நேர் கீழே உள்ள மேடையே போதும். அந்த 38 செ.மீ. காலியாகவே கிடக்க வேண்டும் என்பதுதான் கஷ்டமான பகுதி. மிக்ஸியோ தண்ணீர் கேனோ ஏற்கெனவே அங்கே குடியிருந்தால், அதை இடம் என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

பில்ட்-இன் மாடல்களில் சில, கதவு கீழ்நோக்கி இறங்கும் வகை. அவற்றுக்கு முன்னால் நிற்க இடம் வேண்டும். திறந்த கதவின் மேலாக எட்ட வேண்டியிருப்பதால் உயரம் இன்னும் கொஞ்சம் குறைந்திருப்பது நல்லது.

படி 6: அக்கம்பக்கம்

அடுப்பை ஒட்டி வேண்டாம். வெப்பம் ஒரு காரணம். எண்ணெய்ப் பிசுக்கு அதைவிடப் பெரிய காரணம். தாளிக்கும்போது கிளம்பும் ஆவியை மெஷினின் ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும். துவாரங்களில் அது தூசியோடு சேர்ந்து படியும். ஒரு கை நீளமாவது தள்ளி வையுங்கள்.

சிங்கை ஒட்டியும் வேண்டாம், தண்ணீர் தெறிக்கும். ஜன்னல் திரை மேலே விழும் இடம் கூடாது. கிரில், கன்வெக்‌ஷன் மாடல்களின் வெளிப்பக்கம் நன்றாகவே சுடும். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் ஒட்டி வைக்காதீர்கள். பல ஃபிரிட்ஜுகள் பக்கவாட்டுத் தகடு வழியாகத்தான் சூட்டை வெளியேற்றுகின்றன.

படி 7: எந்த இடத்தைத் தேர்வது?

1947-இல் விற்பனைக்கு வந்த முதல் மைக்ரோவேவான ரேடாரேஞ்ச், ஆள் உயரமும் 340 கிலோ எடையும் கொண்டது. குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் வேறு வேண்டும். அதை வைத்த இடத்தில்தான் வேலை. 1967-இல் அமானா நிறுவனம் மேடையில் வைக்கும் மாடலைக் கொண்டுவந்த பிறகுதான் எங்கே வைப்பது என்பது வீட்டுக்காரர் முடிவுக்கு வந்தது. இன்று கையில் இருக்கும் வாய்ப்புகளைப் பற்றி என் கருத்து இது.

மேடையின் ஃபிரிட்ஜ் பக்கக் கோடி: பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் முதல் விடை. உயரம் சரி, இறக்க இடம் உண்டு, எடை பற்றிக் கவலையில்லை. நஷ்டம் அரை மீட்டர் மேடை. மேடையே மொத்தம் ஒன்றரை மீட்டர்தான் என்றால் இது கட்டுப்படியாகாது.

மேடைக்கு மேல் தனி ஷெல்ஃப்: சின்ன சமையலறைக்கு நல்ல தீர்வு, உயரத்தைச் சரியாக வைத்தால்.

உயரமான யூனிட்டுக்குள் பில்ட்-இன்: பார்க்க மிக அழகு. ஆனால் பக்கத்தில் மேடை இல்லாமல் கப்போர்டு வரிசையின் நடுவே வைத்துவிடுகிறார்கள். சூடான கிண்ணத்தோடு திரும்பி நான்கு எட்டு நடக்க வேண்டும். கீழே வெளியே இழுக்கும் பலகை ஒன்று வைத்துத் தரும்படி தச்சரிடம் கேளுங்கள்.

மேடைக்குக் கீழே: சாதாரண மாடலுக்குப் பொருந்தாது, தரையிலிருந்து 85 செ.மீ. என்ற நிபந்தனையே அடிபடும். இதற்கென்று டிராயர் மாடல்கள் இருக்கின்றன. மேலிருந்து பார்த்து எடுப்பதால் சிந்தும் ஆபத்து குறைவு, விலை பல மடங்கு. முதுகுவலிக்காரர்களும் குழந்தை உள்ளவர்களும் யோசித்துச் செய்யுங்கள்.

அடுப்புக்கு மேலே: சிம்னியோடு சேர்ந்து வரும் தனி வகை. எரியும் அடுப்பின் மேலாக எட்டிக் கொதிக்கும் பாத்திரத்தை எடுக்க வேண்டும் என்பதால் எனக்கு இது பிடிக்காது. சாதாரண மாடலை அடுப்புக்கு மேல் ஷெல்ஃப் அடித்து வைப்பதோ சுத்தமாகக் கூடாது.

ஃபிரிட்ஜ் தலை: உயரத்திலேயே தோற்றுப்போகிறது. இடுப்பளவு சின்ன ஃபிரிட்ஜாக இருந்தால் மட்டும், இரண்டின் கையேடுகளும் அனுமதித்தால் பார்க்கலாம்.

சமையலறைக்கு வெளியே: இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சூடாக்க மட்டும் பயன்படுத்தும் வீட்டில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் உறுதியான ஒரு மேசை, சுவரில் சரியான சாக்கெட், இரண்டும் இருந்தால் சமையலறையில் இடம் தேடும் தலைவலியே இல்லை. சக்கரம் வைத்த டிராலி வேண்டாம். பூட்டாத சக்கரம் கதவை இழுக்கும்போது கூடவே வரும்.

படி 8: அட்டைப் பெட்டி ஒத்திகை

ஆணி அடிப்பதற்கு முன் ஒரு அட்டைப் பெட்டியை மெஷினின் அளவுக்கு வெட்டி ஒட்டுங்கள். வந்த பெட்டியை அப்படியே வைக்காதீர்கள், தெர்மாகோலுக்காக அது பெரிதாக இருக்கும். முன்பக்கம் இடது ஓரத்தில் மட்டும் ஒட்டியபடி ஒரு கதவு வெட்டிவிடுங்கள். தேர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒரு கிண்ணம் நிறையப் பச்சைத் தண்ணீரை உள்ளே வைத்து, பிடிதுணியோடு எடுத்து இறக்கிப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் ஒரு தடவை செய்யட்டும். தண்ணீர் எங்கே சிந்துகிறதோ அங்கேதான் தப்பு இருக்கிறது. பெட்டி ஓரிரு நாள் அங்கேயே இருக்கட்டும். கதவு திறந்திருக்கும்போது ஆள் கடக்க முடிகிறதா, பக்கத்து டிராயர் இடிக்கிறதா, மேடை விளக்கை மறைக்கிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

படி 9: நிறுத்துவது

ஷெல்ஃபுக்கு எடையைக் கணக்கிடும்போது மெஷின், உள்ளே வைக்கும் பாத்திரம், கதவை இழுக்கும் விசை மூன்றையும் சேருங்கள். 18 கிலோ மெஷினுக்கு 40 கிலோ தாங்கும் பிராக்கெட் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. வெறும் பிளைவுட் தடுப்பிலோ பொள்ளலான சுவரிலோ சாதாரண ஸ்க்ரூ நிற்காது.

வைத்ததும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் தட்டு கடகடக்கும், பாத்திரம் ஒரு பக்கம் நகரும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மரக்குச்சியைப் போட்டு இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். காலியாக ஓட்டக் கூடாது. துவாரங்களின் பக்கம் கையைக் காட்டினால் வெதுவெதுப்பான காற்று தடையில்லாமல் வர வேண்டும். அடுத்த சில நாளில் பத்து நிமிடம் தொடர்ந்து ஓடும் வேலை வரும்போது, சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் லூஸ். எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை பயன்படுத்தாதீர்கள்.

மீதமிருக்கும் இரண்டு சந்தேகங்கள்

கண் மட்டத்தில் வைத்தால் கதிர் கண்ணைக் கெடுக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நுண்ணலையின் நீளம் ஏறக்குறைய 12 செ.மீ.; கதவுக் கண்ணாடியில் தெரியும் வலையின் ஓட்டைகளோ ஓரிரு மில்லிமீட்டர். அது வழியாக அலை வெளியேறுவது மிகச் சொற்பம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதிக்கும் கசிவின் எல்லை 5 செ.மீ. தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட். 50 செ.மீ. தள்ளி நின்றால் அது நூறில் ஒரு பங்காகிவிடும். எனவே கண்ணுக்காக இடத்தை மாற்ற வேண்டியதில்லை. கதவு வளைந்திருந்தாலோ கீல் ஆடினாலோ மட்டும் எந்த இடத்திலும் ஓட்டாதீர்கள்.

மைக்ரோவேவ் ஓடும்போது வைஃபை திணறுகிறதே என்பது இன்னொன்று. அது உண்மைதான். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் வேலை செய்கின்றன. ஆளுக்குத் தீங்கில்லாத துளிக் கசிவே ரௌட்டருக்கு இரைச்சலாகிவிடும். அதே சுவரின் மறுபக்கம் ரௌட்டர் இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள், அல்லது போனையும் லேப்டாப்பையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதற்காக மைக்ரோவேவை நகர்த்த வேண்டாம்.